பரணில் கிடந்த 965: மூன்று டின் சுங்கான் புகையிலை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த வருடம் பெப்ரவரிக் கடைசியில், இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் இருக்கும் என் நண்பர் தமது பழைய வீட்டின் சமையலறைப் பரணைப் பிரித்தபோது மூன்று வட்டத் தகர டின்கள் கிடைத்தன. நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் அழைக்கிறது; நானும் அப்படியே. அவருடைய அப்பா தோட்டத் துரையின் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டுப் பணியாளராக, இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு சுவீகரித்தபோது, கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு கம்பளியையும் ஒரு தோல் பெட்டியையும் இந்த டின்களையும் அப்புவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பு வெற்றிலை போடுபவர், சுங்கான் (புகைக்கும் பைப்) பிடித்ததில்லை. துரை கொடுத்த பொருளை எறியவும் மனம் வரவில்லை. டின்களை ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அடுப்புக்கு நேர் மேலே பரணில் ஏற்றிவிட்டார். ஐம்பது வருடங்கள் அங்கேயே கிடந்திருக்கின்றன.

"டீமேக்கர் ஐயா, வாழ்நாளெல்லாம் முகர்ந்து பார்த்தே சம்பளம் வாங்கியவர் நீங்கள். இது என்ன சரக்கு, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் மாஸ்டர்.

டீமேக்கர் என்றால் தேயிலைத் தொழிற்சாலையில் தயாரிப்பைக் கவனிப்பவர். முப்பத்துநான்கு வருடங்கள் அந்தத் தொழிற்சாலைகளில் இருந்தேன். அதில் இருபது வருடங்கள் சுங்கானும் பிடித்தேன். டொக்டர் கண்டித்ததன் பேரில் விட்டு ஒன்பது வருடங்கள் ஆகின்றன. சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே கெடுதல் இல்லை என்று சொல்பவர்கள் வாய்ப் புற்றுநோய் வார்டை ஒரு தடவை சுற்றிப் பார்க்கட்டும். இந்த ஆய்வுக்காக மீண்டும் தொட்டதை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

டின் சொன்னது

மூன்று டின்களிலும் டன்ஹில் பெயரும் 'மை மிக்சர்' என்ற சொற்களும் 965 என்ற எண்ணும் இருந்தன. அல்பிரட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தவர். வாடிக்கையாளர் விரும்பும் விகிதத்தில் இலைகளைக் கலந்து கொடுப்பதும், அந்த விகிதத்தை எண்ணிட்டுப் பேரேட்டில் எழுதிவைப்பதும் கடையின் வழக்கம். அந்தப் பேரேட்டுக்குத்தான் 'மை மிக்சர்' என்று பெயர். மறுதடவை வருபவர் எண்ணைச் சொன்னால் போதும். நம் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், ஆளுக்கு ஓர் எண் இருப்பதைப் போலத்தான். அங்கே எண் புகையிலைக்கு, இங்கே ஆளுக்கு. 965 என்ற பதிவு பின்னர் பொது விற்பனைக்கு வந்து டன்ஹிலின் பெயர்பெற்ற கலவைகளில் ஒன்றானது.

1981இல் டன்ஹில் கலவைகளின் தயாரிப்பு லண்டனிலிருந்து பெல்பாஸ்டில் இருந்த மரே நிறுவனத்துக்குப் போனது. அந்தத் தொழிற்சாலை 2005இல் மூடப்பட்டதும் டென்மார்க்குக்கு நகர்ந்தது. 2018இல் டன்ஹில் என்ற பெயரில் சுங்கான் புகையிலை வருவதே நின்றது. இப்போது அதே எண் பீட்டர்சன் என்ற சுங்கான் நிறுவனத்தின் பெயரில் வருகிறது. ஆகவே நிறுத்தப்பட்ட கலவை என்று நான் இங்கே சொல்வது லண்டனில் கலக்கப்பட்ட 965ஐ மட்டும்தான்.

நம் கையில் இருப்பது எந்தக் காலத்துச் சரக்கு? சுற்றியிருந்த தாளில் நாட்டின் பெயர் 'சிலோன்' என்றே அச்சாகியிருந்தது. அந்தப் பெயர் 1972 மே 22ஆம் திகதியோடு போனது. ஆனால் பழைய தாளில் புதிய பொருளைச் சுற்றுவதை யாரும் தடுத்ததில்லை. எனவே அதைச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு டின்னின் அடியில் கடைக்காரர் ஒட்டிய சிறிய விலைச் சீட்டு இருந்தது. விலை ஷில்லிங்கிலும் பென்ஸிலும் எழுதப்பட்டிருந்தது. பிரித்தானியா 1971 பெப்ரவரி 15ஆம் திகதி தசம நாணயத்துக்கு மாறியது. அந்த வருடத்துக்குப் பிறகு எந்தக் கடைக்காரரும் ஷில்லிங் சீட்டு ஒட்டியிருக்க மாட்டார். நிறையும் 2 அவுன்ஸ் என்று மட்டுமே இருந்தது, கிராம் இல்லை. துரை விடுமுறைக்கு ஊர் போனபோது வாங்கி வந்திருக்க வேண்டும். லண்டன் சரக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

திறக்கும் முன்

டின்களுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டேன். அ சுத்தமாக இருந்தது. ஆவின் மூடி விளிம்பில் துரு அரித்து, ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. இயில் துரு ஏதும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பழைய டின்னைத் திறக்காமலே அதன் மூடி காற்றைத் தடுக்கிறதா என்று அறிய மலிவான வழி, நிறுத்துப் பார்ப்பது. அ 118.4 கிராம். ஆ 114.5. இ 117.6. ஒரே அளவு டின், ஒரே 2 அவுன்ஸ், அதாவது சுமார் 56.7 கிராம் சரக்கு. ஆவில் 4 கிராம் குறைகிறது என்றால் ஈரம் வெளியேறியிருக்கிறது. இயில் குறையும் 0.8 கிராமைத் தகரத்தின் தடிப்பு வித்தியாசம் என்று எண்ணி ஒதுக்கிவிட்டேன். இந்த எண்ணை மறந்துவிட வேண்டாம்.

மார்ச் முதல் வாரம் அ டின்னையும் ஆ டின்னையும் திறந்தோம். அவின் விளிம்பில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகித் திருகியபோது, குழந்தை பால் உறிஞ்சுவது போல ஒரு சிறு சத்தம். காற்று உள்ளே போனது. மாஸ்டர் தம்மை அறியாமல் ஒரு அடி பின்வாங்கினார். ஆ எந்தச் சத்தமும் இல்லாமல் திறந்துகொண்டது.

இரண்டிலும் பூஞ்சணம் இல்லை. அவில் சில இழைகளின் மேல் வெள்ளையாக, உப்புத் தூள் போல ஏதோ மின்னியது. பூஞ்சணமாக இருந்தால் பஞ்சு போல இழையோடும், ஈரச் சுவரின் வாடை வரும். இது பழைய இலையில் படியும் பொடி. விரலில் தேய்த்தால் கரைந்தது, வாடை இல்லை. ஈரத்தைத் தொழிற்சாலை முறையிலேயே பார்த்தேன்: 5 கிராமை 103 பாகையில் உலர்த்தி மறுபடி நிறுப்பது. அவில் 4.3 கிராம் மிஞ்சியது, ஆவில் 4.6. அதாவது சுமார் நூற்றுக்குப் பதினாலும் எட்டும். புகையிலையில் சூட்டில் பறக்கக்கூடிய வேறு பொருள்களும் இருப்பதால் இவை சற்றுக் கூடுதலான எண்களே. ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். தேயிலையை நாங்கள் நூற்றுக்கு மூன்று வரை உலர்த்துவோம். புகையிலையை அப்படி உலர்த்தினால் சருகு, நாக்கைச் சுட்டுவிடும்.

முதல் முகர்தலில் செய்த தவறு

என் குறிப்பேட்டில் அன்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஆ: புகை வாசனை ஆழம். லட்டாக்கியா இன்னும் முறுக்காக இருக்கிறது. அ: மெலிந்துவிட்டது. ஆவே மேல்."

லட்டாக்கியா என்பது கலவையில் உள்ள, புகையூட்டிய கறுப்பு இலை. மாஸ்டரும் ஆவையே தூக்கிப் பிடித்தார். இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதால் எனக்கு உடனே சந்தேகம் வந்தது. நூற்றுக்கு எட்டு ஈரத்தில் காய்ந்துபோன இலை, மூடி ஓட்டை, ஐம்பது வருடம். அதன் வாசனை பறந்திருக்க வேண்டும். கூடியது எப்படி?

இங்கே கலவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 965இல் நான்கு வகை இலை: வேர்ஜினியா, பழுப்புக் கவண்டிஷ், மசிடோனிய இலை, சைப்பிரஸ் லட்டாக்கியா. வேர்ஜினியாவை உலர்த்தும் கொட்டகையில் நெருப்பு வெளியே எரியும். சூடு குழாய் வழியாக உள்ளே வரும். புகை இலையைத் தொடவே கூடாது. கண்டிப் பக்கம் ஹங்குராங்கெத்தைப் போகும் வழியில் உயரமான மண் கொட்டகைகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இது தெரியும். எங்கள் தேயிலை உலர்த்தியும் அதே விதிதான். கவண்டிஷ் நீராவியில் வெந்து அழுத்தப்பட்டது. மசிடோனிய இலை சிறியது, வெயிலில் காய்ந்தது, பூ வாசமுள்ளது. லட்டாக்கியா மட்டும் இவற்றுக்கு நேர்மாறு: காய்ந்த இலையை மிர்ட்டில், பைன் போன்ற வாசனை மரங்களின் புகையில் நாள்கணக்கில் தொங்கவிட்டுக் கறுக்க வைப்பது. சிரியாவின் துறைமுகப் பட்டினம் ஒன்றின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 965க்கு வந்தது சைப்பிரஸ் இலை.

எனக்குப் புகை என்றால் குற்றம். என் வேலையின் பதினோராவது வருடம், ஒரு தொழிற்சாலையில் உலர்த்தி அடுப்பின் குழாயில் மயிரிழை விரிசல். யாரும் கவனிக்கவில்லை. ஓர் இன்வாய்ஸ், அதாவது விற்பனைக்கு அனுப்பும் ஒரு தொகுதித் தேயிலை, முழுவதும் புகை பிடித்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த தேயிலைத் தரகர் அறிக்கையில் ஒற்றைச் சொல்தான்: 'புகை'. பெரிய துரை அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து புகையைக் கண்டால், எந்த விறகு என்று கேட்பது என் மூக்கின் பழக்கமாகிவிட்டது. ஆவை முகர்ந்த அன்று அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினேன். புகையிலையில் புகை இருப்பது இயல்பு என்று மூக்கு சோம்பிவிட்டது.

எந்த விறகு

மறுநாள் ஆவை மறுபடி எடுத்தேன். சாமணத்தால் கறுப்பு இழைகளைத் தனியாகவும் வெளிறிய வேர்ஜினியா இழைகளைத் தனியாகவும் பொறுக்கினேன். இரண்டு மணி நேர வேலை; மாஸ்டரின் பேத்தி கண்கூர்மையால் என்னைவிட வேகமாகப் பொறுக்கியிருப்பாள், ஆனால் புகையிலையில் அவளைக் கைவைக்க விடவில்லை. புகை எங்கே இருக்க வேண்டுமோ அந்தக் கறுப்பு இழையைவிட, வெளிறிய இழையில்தான் கூர்மையான வாடை. தொண்டையில் இலேசாகக் காறியது. இடமும் பார்த்தேன்: துளைக்கு அருகே மேலடுக்கில் வாடை அதிகம், அடியில் எதிர்ப்பக்கம் பாதிகூட இல்லை.

அடுத்து எங்கள் தொழில் முறை. தேயிலைச் சுவைஞர்கள் பழைய காலத்தில் ஒரு கோப்பைக்கு ஆறு பென்ஸ் நாணயத்தின் நிறையை, சுமார் 2.8 கிராமை, இலையாகப் போடுவார்கள். அந்த நாணயம் ஒன்று இன்னும் என்னிடம் எடைக்கல்லாக இருக்கிறது. இரண்டு டின்களிலிருந்தும் அவ்வளவு எடுத்து, மூடியுள்ள பீங்கான் கோப்பைகளில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்தேன். முகர்வதற்கு மட்டும். நிக்கொட்டின் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தச் சாயம் விஷம். ஒரு துளியும் வாயில் படக்கூடாது, கையில் உறை வேண்டும். அந்தக் கோப்பைகளைப் பிறகு உடைத்துப் புதைத்துவிட்டேன்.

மூடியைத் தூக்கியதும் இரண்டும் பிரிந்துவிட்டன. அவின் ஆவியில் நெருப்பணைந்த பைன் கட்டை, அதன் பின்னால் சாம்பிராணி, கடைசியில் பழைய தோல் செருப்பு. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த பீட்டர்சன் 965 ஒன்றையும் மூன்றாவது கோப்பையில் போட்டிருந்தேன். அதிலும் அதே குடும்பம், குரல் மட்டும் உரத்தது. ஆவின் ஆவியிலோ தைலம். மழை நாளில் லயத்துச் (தொழிலாளர் வரிசை வீட்டுச்) சமையலறைக்குள் நுழைந்தால் கண்ணைக் கரிக்கும் அதே வாடை: ஈரமான தேயிலை மிலாறும் (வெட்டிய கிளைகளும்) டர்பன்டைன் விறகும். யூகலிப்டஸைத்தான் எங்கள் பக்கத்தில் டர்பன்டைன் மரம் என்கிறோம். சுற்றியிருந்த பத்திரிகைத் தாளை முகர்ந்தேன். அதே தைலம்.

ஆவின் ஆழம் சைப்பிரஸிலிருந்து வந்ததல்ல. ஐம்பது வருடங்கள் மாஸ்டர் வீட்டு அடுப்பு அந்த ஊசித்துளை வழியாக இரண்டாவது தடவை புகை போட்டிருக்கிறது. பகலில் சூட்டில் டின் காற்றை வெளியே விடும், இரவுக் குளிரில் உள்ளே இழுக்கும். ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் புகை.

சுங்கானில்

ஆ காய்ந்திருந்ததால் அப்படியே கொளுத்தினால் ஒப்பீடு நியாயமாக இருக்காது. கண்ணாடிச் சாடியில், வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு ஒன்றை இலையில் படாமல் தொங்கவிட்டு, மூன்று நாள் ஈரம் ஏற்றினேன். லட்டாக்கியா ஒரு தடவை பிடித்த பிரையர் மரச் சுங்கானை விட்டு லேசில் போகாது. அதனால் டின்னுக்கு ஒன்றாக, சோளப்பொத்தியின் நடுக்கட்டையைக் குடைந்து செய்த அமெரிக்கச் சுங்கான் மூன்று. காலை பத்து மணி, நாளுக்கு ஒரு சுங்கான் கிண்ணம், இடையில் சீனி போடாத பிளேன்டீ. மாஸ்டர் நிரப்பித் தருவார். எது எதுவென்று எனக்குச் சொல்ல மாட்டார். ஆறு நாளில் ஐந்து நாள் சரியாகச் சொன்னேன். ஒரு நாள் பீட்டர்சனை அ என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்குச் சளி, ஆனால் அதைச் சாக்காகச் சொல்லப் போவதில்லை.

அ டின்னைப் பற்றி நிறையச் சொல்லலாம். முதல் தீக்குச்சியில் புகை வாசனை ஒதுங்கியே நின்றது. முன்னால் வந்தது இனிப்பு. சீனி இனிப்பு அல்ல, கித்துள் கருப்பட்டியின் அடியில் இருக்கும் கசப்போடு சேர்ந்த இனிப்பு. வேர்ஜினியா முதுமையில் கறுத்து, கவண்டிஷ் எது வேர்ஜினியா எது என்று பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று ஊறிவிட்டது. கிண்ணத்தின் நடுப்பகுதியில் மசிடோனிய இலை எழுந்தது: கொத்தமல்லித் தண்ணீரில் காய்ந்த தோடம்பழத் தோலைப் போட்டது போல. லட்டாக்கியா அப்போதுதான் மூக்கின் பின்புறமாக வந்து, கோயிலை விட்டு வந்த பிறகும் சட்டையில் தங்கியிருக்கும் சாம்பிராணியாக நின்றது. சாம்பல் வெள்ளை, நாக்கில் கடி இல்லை. ஆனால் கிண்ணத்தின் கடைசி மூன்றிலொரு பங்கு தட்டையாகிவிட்டது. லட்டாக்கியா வயது ஏற ஏறத் தளரும் இலை. வேர்ஜினியாவுக்குக் கிடைத்த லாபத்தை இது இழந்திருக்கிறது. இருபது வருடங்களுக்கு முன் திறந்திருந்தால் இரண்டும் சமமாக நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. பழைய டின் என்றாலே அமிர்தம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அ நல்ல சரக்கு, அதன் உச்சத்தைத் தாண்டிவிட்ட நல்ல சரக்கு.

பீட்டர்சன் புதியது, முரடு, புகை முந்துகிறது. சில வருடம் இருட்டில் வைத்தால் அடங்கும். அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரே டின்தான் பார்த்தேன்.

ஆ முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாக இருக்கும். பிறகு தொண்டையைக் காறி, நுனி நாக்கில் தாரின் கசப்பை விட்டுச் செல்லும். அடியில் கிடந்த இலையை மட்டும் தனியாக நிரப்பிப் பார்த்தபோது காறல் குறைந்தது, ஆனால் அதற்குள் சொல்லும்படியான வாசனையும் இல்லை. தரகர் மொழியில் எழுத வேண்டுமானால் எனக்கும் ஒரே சொல்தான் வரும். மாஸ்டருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. "ஐயா, லட்டாக்கியாவுக்குப் புகை போட்டால் தரம், எங்கள் அடுப்பு போட்டால் பழுதா?" என்று கேட்டார். நான் சொன்ன பதில்: லட்டாக்கியாவுக்குப் புகை போட்டவர்கள் எந்த மரம், எத்தனை நாள், இலை எவ்வளவு உயரத்தில் என்று பார்த்துப் போட்டார்கள், கலவைக்காரர் அதன் அளவை அறிந்து கலந்தார். ஆவில் சோறு வெந்த நேரமெல்லாம் புகை ஏறியிருக்கிறது. அவர் தலையாட்டினார். ஆனாலும் ஆவின் சாடியைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போனார்; சுங்கான் பிடிக்க அல்ல, அவ்வப்போது திறந்து முகர.

காலி டின்களை நிறுத்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 கிராம்தான். இங்கேதான் என் இரண்டாவது தவறு தெரிந்தது. தகரம் அவ்வளவு சீராக இருக்குமானால், இயில் குறைந்த 0.8 கிராமைத் தகரத்தின் தலையில் போட்டது அவசரம்.

இயைத் திறக்காமல் வைத்திருந்தோம். சேகரிப்பவர்கள் மூடிய டின்னுக்கு நல்ல விலை தருவார்கள் என்று யாரோ மாஸ்டரிடம் சொல்லியிருந்தார்கள். பரணிலிருந்து இறங்கிய டின் இப்போது அவர் முன்னறைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை என் தராசில் வைக்கச் சொன்னேன். மார்ச் 117.6. ஏப்ரல் 117.6. மே கடைசியில் தென்மேல் பருவமழை இறங்கி, தலவாக்கலையில் துணி காயாத நாள்கள் வந்தன. ஜூன் 117.9. ஜூலை 118.1.

மூடிய டின் நிறை கூடாது. இ மழைக்காலக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எங்கோ ஒரு விரிசல். விற்பதானால் வாங்குபவரிடம் இந்த நான்கு எண்களையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றேன். "சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்றார் மாஸ்டர். ஈரம் இன்னும் ஏறினால் பூஞ்சணம் வரும். வருகிற ஞாயிற்றுக்கிழமை திறக்கிறோம். சாமணமும் ஆறு பென்ஸ் நாணயமும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.